என் 7 அயர்ன் 138 யார்டு போகும் என்று கொடுத்த தூரப் பட்டியல் பற்றிய புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
சென்னை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஜூன் மாதம் எனக்குச் செய்த கோல்ஃப் கிளப் (மட்டை) தூர அளவீட்டில் இருந்த தவறுகள், அதை நம்பி வாங்கிய கிளப்கள், பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஜூன் மாதம் உங்கள் சென்னைக் கிளையில் 7,500 ரூபாய் கட்டி, என்னுடைய ஒவ்வொரு கிளப்பும் எவ்வளவு தூரம் போகிறது என்று சிமுலேட்டரில் அளந்துகொண்டேன். எனக்கு வயது 57. வங்கியில் தணிக்கைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கோல்ஃப் விளையாடத் தொடங்கி ஏழு வருடம் ஆகிறது. இத்தனை நாளும் குத்துமதிப்பாகவே கிளப் எடுத்துக்கொண்டிருந்தேன். சரியான எண் கையில் இருந்தால் ஆட்டம் நிதானமாகும் என்றுதான் உங்களிடம் வந்தேன். அந்த எண்ணம் இப்போதும் மாறவில்லை. நீங்கள் கொடுத்த எண்தான் சரியில்லை.

அன்று லேமினேட் செய்து பையில் மாட்டிக்கொள்ளும்படி ஓர் அட்டை கொடுத்தீர்கள். அதில் இருந்தது இது: டிரைவர் 205, 5 அயர்ன் 162, 6 அயர்ன் 150, 7 அயர்ன் 138, 8 அயர்ன் 126, 9 அயர்ன் 113, பிட்சிங் வெட்ஜ் 100. எல்லாம் யார்டில். இது கேரியா, அதாவது பந்து பறந்து தரையில் விழும் வரையிலான தூரமா, உருண்டு நிற்கும் தூரமும் சேர்த்தா என்று அப்போதே கேட்டேன். "ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான் மேடம்" என்றார் அளவெடுத்த தம்பி. நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்தத் தம்பி மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். அடிக்கக் கொடுத்ததும் நல்ல புதுப் பந்துகள். ரேஞ்சில் கிடக்கும் தேய்ந்த பந்துகள் தூரம் குறைவாகப் போகும் என்பதால் அதைத் தவிர்த்தது சரியான காரியம், அதை இங்கே சொல்லியே ஆகவேண்டும். பிரச்சினை அதற்குப் பிறகு நடந்தவற்றில் இருக்கிறது.

ஆகஸ்டில் எங்கள் மைதானத்தில் பெண்களுக்கான ஜோடிப் போட்டி நடந்தது. இருவரின் ஸ்கோரையும் கூட்டிப் பார்ப்பார்கள். ஆறாவது ஹோலில், முதல் அடி அடிக்கும் டீக்கும் குழி இருக்கும் கிரீனுக்கும் நடுவே குளம். தண்ணீரைத் தாண்ட 110 யார்டு கேரி வேண்டும், குழியைக் காட்டும் கொடி 121 யார்டில் இருந்தது. அட்டையைப் பார்த்தேன். 8 அயர்ன் 126. தாராளமாகப் போதும் என்று அதை எடுத்தேன். பந்து கிளப் முகத்தின் நடுவில் பட்டது கையிலேயே தெரிந்தது. நேராகப் போய்த் தண்ணீரில் விழுந்தது. என்னுடன் ஆடிய பெண், "அக்கா, நல்லாத்தானே அடிச்சீங்க?" என்றாள். மறுபடி அதே 8 அயர்ன், மறுபடி தண்ணீர். மூன்றாவது பந்துக்கு 7 அயர்னை எடுத்து, பதற்றத்தில் உடம்பு முழுவதையும் சேர்த்து வீசினேன். அதுவும் கரையைத் தொடவில்லை. தண்டனை அடிகளோடு ஏழாவது அடியில்தான் குளத்தைத் தாண்டினேன். அந்த ஹோலில் என் கணக்கு 9. அதுவரை முதலிடத்துக்கு அருகில் இருந்தோம். அவளுக்கு அது முதல் போட்டி.

தோற்றதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அதன் பிறகு நான் என்ன நினைத்தேன் என்பதுதான் இதை எழுத வைத்தது. கருவி சொன்னது 126. பந்து போனது 100 சொச்சம். அப்படியானால் குறை என்னிடம்தான் இருக்கவேண்டும், என் ஸ்விங் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டினேன். பயிற்சியாளர் ஒருவரிடம் ஆறு வகுப்பு போனேன், வகுப்புக்கு 1,500 ரூபாய். "எனக்கு 7 அயர்ன் 138 போய்க்கொண்டிருந்தது, இப்போது போகவில்லை" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? போகவைக்கத்தான் பார்ப்பார். பிடியை மாற்றினோம், பின்வீச்சை நீட்டினோம். இடது மணிக்கட்டில் வலி வந்து மூன்று வாரம் கிளப்பைத் தொடவில்லை. ஏழு வருடமாகப் பழகிய, எனக்கு ஒத்துவந்த ஒரு ஸ்விங்கை இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்துக் குலைத்துவிட்டேன். அது இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

உண்மை கொடைக்கானலில்தான் தெரிந்தது. அக்டோபரில் குடும்பத்தோடு போனபோது, பில்லர் ராக்ஸ் போகும் வழியில் இருக்கும் கோல்ஃப் மைதானத்தில் விருந்தினராக விளையாடினேன். கிரீனுக்கு 120 யார்டு இருந்த இடத்தில் 6 அயர்னை எடுக்கப் போனேன். பையைத் தூக்கிக்கொண்டு கேடியாக (உதவியாளராக) வந்த பெரியவர், "இங்க ஒரு கிளப் சின்னதா எடுங்கம்மா, மலைக்காத்து பந்தைத் தூக்கிட்டுப் போயிடும்" என்றார். 7 அயர்னை எடுத்தேன். பந்து கிரீனிலேயே போய் விழுந்தது. சென்னையில் ஒருநாளும் அந்தத் தூரம் அது போனதில்லை. கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். காற்று அடர்த்தி குறைவு, அதனால் பந்தைத் தடுத்து நிறுத்துவதும் குறைவு. இதை நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கவேண்டும். அந்தப் பெரியவர் சொன்னார்.

அறைக்குத் திரும்பியதும், நீங்கள் மின்னஞ்சலில் அனுப்பியிருந்த முழு அறிக்கையை எடுத்துப் படித்தேன். கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: உயரம் 5,000 அடி. உங்கள் கருவி சென்னையில், கடல்மட்டத்தில் இருக்கிறது. பெங்களூரே சுமார் 3,000 அடிதான். உங்கள் கிளைக்குத் தொலைபேசியில் கேட்டபோது, "ஏதாவது டெமோவுக்கு மாத்தி வெச்சிருப்பாங்க, திரும்ப மாத்த விட்டுப்போயிருக்கும்" என்று பதில் வந்தது. உள்ளரங்கில் பந்து சில அடி தூரம் பறந்து திரையில் மோதி நின்றுவிடுகிறது. மிச்சம் உள்ள பறத்தல் முழுவதும் கருவி போடும் கணக்கு. அந்தக் கணக்குக்குத் தப்பான காற்றைக் கொடுத்தால் தப்பான தூரம்தான் வரும். 5,000 அடிக்குச் சுமார் 6 சதவீதம் கூடுகிறது.

அதோடு நின்றிருந்தால்கூட ஒரு மறதி என்று விட்டிருப்பேன். ஆனால் அறிக்கையை வரி வரியாகப் பார்த்தபோது இன்னும் வந்தது. 7 அயர்னில் நான் அடித்தது 14 பந்து. அவற்றின் சராசரி 128 என்று உங்கள் அறிக்கையே சொல்கிறது. அட்டையில் ஏறியிருக்கும் 138, அந்தப் பதினான்கில் மிக நீளமாகப் போன மூன்றின் சராசரி. மைதானத்தில் நான் அடிக்கப்போவது அந்த மூன்று அடியை அல்ல. சரி, அந்த 128 ஆவது நிஜமா என்றால், அது உருளும் தூரமும் சேர்ந்தது. உயரத்தால் கூடியதைக் கழித்தால் 121, உருளுவதாக அறிக்கை காட்டும் 9 யார்டைக் கழித்தால் 112. குளத்தின் மேல் பந்து உருளாது. எனக்குத் தேவைப்பட்டது அந்த 112 மட்டும்தான்.

இன்னொரு விஷயம் இதைவிடக் கஷ்டமாக இருந்தது. அன்று நான் அடித்தது மூன்றே கிளப்: டிரைவர், 7 அயர்ன், பிட்சிங் வெட்ஜ். நேரமாகிவிட்டது, மற்றதைக் கருவியே போட்டுவிடும் என்றார்கள். எப்படிப் போட்டிருக்கிறது என்று பாருங்கள். 100, 113, 126, 138, 150, 162. படிக்கட்டு கட்டியதுபோல 12, 13 யார்டு இடைவெளி. மனிதர்கள் யாரும் அப்படி அடிப்பதில்லை. அதிலும் என்னைப்போல் வேகம் குறைந்தவர்களுக்கு நீளமான அயர்ன்களில் பந்து போதுமான உயரம் எழும்பாது, தூரம் ஓரிடத்தில் தேங்கிவிடும். கிளப் பொருத்துவதைத் தொழிலாகச் செய்யும் உங்களுக்கு இது பாலபாடம்.

என் கிளப் வேகம் அறிக்கையிலேயே இருக்கிறது, 7 அயர்னில் மணிக்கு 62 மைல். பந்தின் பறத்தலை அளக்கும் கருவிகளைச் செய்யும் டிராக்மேன் நிறுவனம் முன்பு வெளியிட்ட ஒரு பட்டியலில், அமெரிக்காவின் எல்.பி.ஜி.ஏ. தொழில்முறை வீராங்கனைகளின் 7 அயர்ன் வேகம் சராசரியாக 76 மைல், கேரி 141 யார்டு. உலகின் தலைசிறந்த பெண்களுக்கு 141, எனக்கு 138. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த யாருக்கும் எங்கோ இடிக்கிறது என்று தெரிந்திருக்கும். உங்கள் கடையில் யாரும் பார்க்கவில்லை.

பார்க்காததோடு, அந்த எண்ணை வைத்து விற்பனையும் செய்தீர்கள். "இந்த வேகத்துக்கு ஹைபிரிட் எதுக்கு மேடம், அயர்னுக்கே வந்துடலாம்" என்று, நான் வைத்திருந்த 7 வுட்டையும் 5 ஹைபிரிட்டையும் (நீளமான அயர்ன்களைவிடப் பந்தை எளிதாக எழுப்பும் கிளப்கள்) எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு, 5 அயர்னும் 6 அயர்னும் கொடுத்து, மேற்கொண்டு 28,000 ரூபாய் வாங்கினீர்கள். அந்த 7 வுட் என் கணவர், நான் ஆடத் தொடங்கி ஐந்தாவது வருடம் முடிந்தபோது வாங்கிக் கொடுத்தது. மனசில்லாமல்தான் கொடுத்தேன். எண் சொல்கிறதே என்று கொடுத்தேன்.

மார்கழியில் நானே அளந்தேன். எங்கள் மைதானம் திங்கட்கிழமை பராமரிப்புக்காக மூடியிருக்கும். செயலாளரிடம் அனுமதி வாங்கி, நான்கு திங்கள் காலை ஆறரைக்கு ஒரு சமதளமான ஃபேர்வேயில் நின்றேன். நான் விளையாடும் அதே பந்து, கிளப்புக்குப் பன்னிரண்டு. புல்லில் பனி இருக்கும்போது பந்து முதலில் விழுந்த இடம் கீறல்போலத் தெளிவாகத் தெரியும், உருண்ட தடம் அதிலிருந்து தொடங்கும். என் கணவர் அந்த இடத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்க, லேசரில் தூரம் பார்த்து நோட்டில் எழுதினேன். மண்ணைக் கிளறிய அடிகளைத் தனியாகக் குறித்துக்கொண்டேன். உங்கள் ரப்பர் விரிப்பில் அந்த அடிகள் தெரியவே தெரியாது, கிளப் வழுக்கிக்கொண்டு போய்விடும், பந்தும் ஏறத்தாழ முழுத் தூரம் போகும். புல்லில் அதே அடி பாதித் தூரம்தான்.

வந்த எண்கள் இவை, கேரி மட்டும்: டிரைவர் 160, 7 அயர்ன் 111, 8 அயர்ன் 102, 9 அயர்ன் 93, பிட்சிங் வெட்ஜ் 84. 7 அயர்னுக்கு உங்கள் அறிக்கையிலிருந்து நான் கழித்துக் கண்டுபிடித்த 112-க்கும் பனியில் அளந்த 111-க்கும் ஒரு யார்டுதான் வித்தியாசம். ஆக, உங்கள் கருவியில் கோளாறு இல்லை. அதை வைத்திருந்த விதத்திலும், அதிலிருந்து எண்ணை எடுத்த விதத்திலும்தான் கோளாறு.

நீங்கள் விற்ற 6 அயர்ன் 115. 5 அயர்ன் 116. அதாவது 7 அயர்னிலிருந்து 5 அயர்ன் வரை மூன்று கிளப்புக்கும் சேர்த்து ஐந்து யார்டு இடைவெளி. பையில் 14 கிளப்தான் வைக்கலாம் என்பது விதி, அதில் இரண்டு எனக்கு வெறும் பாரம். தோழியிடம் 5 ஹைபிரிட்டும் 7 வுட்டும் இரவல் வாங்கி அடித்துப் பார்த்தேன். ஹைபிரிட் 127. 7 வுட் 138. என் பையில் 138 யார்டு போகும் கிளப் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைத்தான் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

எனக்கு 111 என்பதில் வருத்தமே இல்லை. இந்தப் புது எண்களோடு போன வாரம் அதே ஆறாவது ஹோலில் இரவல் ஹைபிரிட்டை எடுத்தேன், பந்து கிரீனின் பின்பகுதியில் நின்றது. குறைந்த எண்ணைச் சொன்னால் வாடிக்கையாளர் மனம் வாடும் என்று உங்கள் ஊழியர்கள் நினைக்கிறார்களோ என்னவோ. நான் பணம் கட்டியது சந்தோஷப்படுவதற்காக அல்ல, எந்தக் கிளப்பை எடுப்பது என்று தெரிந்துகொள்ள.

நான் கேட்பது: அளவீட்டுக் கட்டணம் 7,500 ரூபாயும், இரண்டு அயர்ன்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு 28,000 ரூபாயும், வகுப்புகளுக்குக் கட்டிய 9,000 ரூபாயும் சேர்த்து 44,500 ரூபாய். என்னுடைய 7 வுட்டும் 5 ஹைபிரிட்டும் விற்காமல் இருந்தால் அவையே வேண்டும், விற்றிருந்தால் அதே மாதிரி, அதே ஷாஃப்ட்டோடு. மணிக்கட்டு வலிக்கு நான் பணம் கேட்கவில்லை.

அப்புறம், என் அறிக்கை தவறு என்றால் அந்த நாட்களில் அதே கருவியில் அளந்த எல்லோருடைய அறிக்கையும் தவறுதான். அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். என்னைப்போல் இன்னும் யாராவது நல்ல ஸ்விங்கைத் திருத்திக்கொண்டிருக்கலாம். இனிக் கொடுக்கும் அட்டையில் கேரி என்றும் மொத்தம் என்றும் தனித்தனியாகப் போடுங்கள், எத்தனை பந்தின் சராசரி, எந்த உயரம், எந்த வெப்பநிலை என்று முன்பக்கத்திலேயே எழுதுங்கள். அடிக்காத கிளப்புக்கு எண் போடாதீர்கள், அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள்.

ரசீதுகள், உங்கள் அறிக்கையின் கடைசிப் பக்கம், என் நோட்டின் நகல் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். அதற்கு முன் நேரில் பேச விரும்பினால் திங்கள் தவிர எந்த நாளும் வருகிறேன். திங்கட்கிழமை காலையில் இன்னும் 3 வுட்டும் சாண்ட் வெட்ஜும் அளக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்