ஏரலுக்குத் தெருவாரியான வெள்ள அபாய அறிவிப்பு கோரும் மனு

அனுப்புநர்
ஏரல் பேரூராட்சிப் பொதுமக்கள், வணிகர்கள், விவசாயிகள்,
ஏரல், தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தூத்துக்குடி மாவட்டம்.

பொருள்: தாமிரபரணி வெள்ளத்தாலும் கனமழையாலும் ஏரலில் எந்தப் பகுதிக்கு எப்போது ஆபத்து என்பதைக் கணக்கிட்டு, வடகிழக்குப் பருவமழைக்கு முன் மக்களுக்கு அறிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை பதிவானதைத் தாங்கள் அறிவீர்கள். இந்த மூன்று ஊர்களுக்கும் நடுவில்தான் ஆற்றின் வடகரையில் எங்கள் ஊர் இருக்கிறது. அன்று கடைவீதி மூழ்கியது, பாலத்தின் இணைப்புச் சாலை அறுத்துக்கொண்டு போனது, மின்சாரமும் செல்பேசியும் செயலிழந்து ஊர் தனித்தீவாக நின்றது. இவை ஏற்கெனவே அரசின் பதிவுகளில் உள்ளவை. இந்த மனு நிவாரணம் கேட்டு எழுதப்பட்டதன்று. அடுத்த முறை தண்ணீர் வருவதற்கு முன் எங்களுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது பற்றியது.

அந்தப் பெருமழைக்கு இரண்டு வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்திருந்தது. எல்லோருடைய கவனமும் வடக்கே இருந்தது. எங்கள் பக்கம் வந்ததோ பெயர் வைத்த புயல்கூட அன்று. குமரிக்கடல் பகுதியில் நிலவிய மேலடுக்குச் சுழற்சி. புயல் என்றால் கூரையைக் கட்டவும் படகை ஏற்றவும் பழகிய மக்கள், சுழற்சி என்ற சொல்லைக் கேட்டு எந்தப் பொருளையும் மாடிக்கு ஏற்றவில்லை. எச்சரிக்கை போதுமான அளவு தரப்பட்டதா என்று பின்னர் பெரிய இடங்களில் வாதம் நடந்தது. அதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல எங்களுக்குத் தகுதியில்லை. ஆனால் எவ்வளவு சீக்கிரம் வந்திருந்தாலும் அந்த எச்சரிக்கையை வைத்துக்கொண்டு ஏரலில் ஒருவர் என்ன முடிவெடுத்திருக்க முடியும் என்பதுதான் எங்கள் கேள்வி.

வானிலைத் துறையின் கணக்கில் ஒரு நாளில் 20.4 செ.மீ.க்கு மேல் பெய்தால் அதிகனமழை. அதற்குச் சிவப்பு எச்சரிக்கை. அதற்கு மேலே வேறு நிறம் இல்லை. 21 செ.மீ.க்கும் அதே சிவப்புதான், 95 செ.மீ.க்கும் அதே சிவப்புதான். அதுவும் மாவட்டம் முழுமைக்கும் ஒரே அறிவிப்பு. விளாத்திகுளத்துக்கும் ஏரலுக்கும் ஒரே நிறம் காட்டினால், கரிசல்காட்டு மானாவாரி ஊரும் ஆற்றங்கரை ஊரும் ஒரே மாதிரிதான் ஆயத்தமாக வேண்டுமா? ஒரு சதுர கிலோமீட்டரில் 95 செ.மீ. மழை என்றால் 95 கோடி லிட்டர் தண்ணீர். அது எந்த ஓடை வழியாக எங்கே போய் நிற்கும் என்பதை நிறம் சொல்லாது. ஊரின் மேடுபள்ளம் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு சிக்கல், நாங்கள் பார்க்கும் திசை. பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று அணைகளின் முழு உயரத்தை மனப்பாடமாகச் சொல்லும் பெரியவர்கள் எங்கள் டீக்கடைகளில் நிறைய உண்டு. 1992 நவம்பர் வெள்ளம் கற்றுக்கொடுத்த பாடம் அது. மேற்கே மலையில் பெய்து, அணை நிரம்பி, திறந்துவிட்டால்தான் ஆறு பெருகும் என்ற கணக்கு அவர்களுடையது. 2023இல் அணைகளுக்குக் கீழே, சமவெளியிலேயே கொட்டித் தீர்த்தது. அணையிலிருந்து வந்த நீருடன், எந்த மதகும் தடுக்காத நீரும் ஆற்றில் சேர்ந்தது. ஆற்றில் ஓடிய நீர் விநாடிக்கு லட்சம் கன அடியைத் தாண்டியதாகச் செய்திகள் வந்தன. கூடவே மாவட்டத்தில் பல குளங்கள் உடைந்தன. ஆகவே அணை மட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகப் படுப்பது இனி எங்களுக்குக் கட்டாது.

ஏரலுக்கு ஆபத்து இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று ஆறு கரையை மீறுவது. மற்றொன்று குளம் உடைவதாலும் மறுகால் (குளம் நிரம்பி வழியும் உபரிநீர்) பாய்வதாலும் வாய்க்கால் பெருகி, பின்பக்கமாக ஊருக்குள் நுழைவது. வரும் நேரமும் வேறு, ஒதுங்கவேண்டிய திசையும் வேறு. ஆற்றுக்குப் பயந்து ஒருவர் ஓடும் இடம் குளத்துத் தண்ணீரின் பாதையாக இருந்துவிடக் கூடாது.

எனவே முதன்மையாக நாங்கள் வேண்டுவது ஒரு தெருவாரியான அட்டவணை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டி ஆற்றில் இத்தனை ஆயிரம் கன அடி சென்றால், இத்தனை மணி நேரத்தில் ஏரலில் ஆற்றின் மட்டம் இவ்வளவு உயரும், இந்தத் தெருக்களுக்குள் நுழையும் என்று நீர்வளத் துறையும் நில அளவைத் துறையும் சேர்ந்து கணக்கிட்டுத் தர வேண்டும். “கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்” என்ற ஒரே வரியைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. கரையோரம் என்பது எது வரை? 2023இல் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளியிருப்பதாக நினைத்தவர்களும்தான் நனைந்தார்கள்.

அந்தக் கணக்குக்கு ஆதாரம் இப்போதும் சுவர்களில் இருக்கிறது. வெள்ளம் நின்ற உயரத்தைக் காட்டும் சேற்றுக்கோடு ஒவ்வொரு வெள்ளையடிப்பிலும் மறைந்துவருகிறது. முழுதும் அழிவதற்குள் அளந்து, கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று குறித்து, பஸ் நிலையம், பள்ளிகள், ரேஷன் கடைகள், கோயில், பள்ளிவாசல், தேவாலயச் சுவர்களில் நிலையான அடையாளம் பதிக்க வேண்டுகிறோம். பெரிய செலவில்லை. ஒரு அளவர் குழுவும் கொஞ்சம் பெயின்ட்டும் போதும். வயதானவர்களிடம் கேட்டால் 1992 மட்டத்தையும் காட்டுவார்கள்.

ஏரலில் பெய்யும் மழையின் அளவு மழைநாட்களில் மணிக்கு ஒருமுறை பேரூராட்சி அலுவலகப் பலகையில் எழுதப்பட வேண்டும். சுற்றுவட்டாரக் குளங்களின் கரை, மதகு, மறுகால் நிலை குறித்த ஆய்வு அறிக்கையைச் செப்டம்பர் மாதத்திலேயே மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். எச்சரிக்கைக்கு அரசின் டி.என். அலர்ட் செல்பேசிச் செயலியும் 1077 என்ற மாவட்டப் பேரிடர் உதவி எண்ணும் இருப்பதை வரவேற்கிறோம். ஆனால் செல்பேசிக் கோபுரம் சாய்ந்தாலோ மின்சாரம் நின்றாலோ இரண்டுமே ஊமை. பேட்டரியில் இயங்கும் ஒலிபெருக்கி வார்டுக்கு ஒன்றாவது வேண்டும். நள்ளிரவில் அதை இயக்கும் பொறுப்பு யாருடையது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005இன் 30ஆம் பிரிவு, மாவட்டத்தில் பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய பகுதிகளை அடையாளம் காணும் பணியைத் தங்கள் தலைமையிலான மாவட்ட ஆணையத்திடமே ஒப்படைத்திருக்கிறது. அடையாளம் கண்டது அங்கு வாழ்பவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

அக்டோபருக்கு முன் ஏரலில் ஒரு கூட்டம் நடத்தி, மேற்கண்ட அட்டவணையின் வரைவை மக்கள் முன் வைத்து, பள்ளம் மேடு பற்றிய எங்கள் திருத்தங்களையும் கேட்டுப் பதிவுசெய்யத் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஏரல் பொதுமக்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

இடம்: ஏரல்

நகல்: வட்டாட்சியர், ஏரல், செயல் அலுவலர், ஏரல் பேரூராட்சி.