சிஎம்சியில இருந்து கோட்டைக்கு நடந்து போக ஒரு வழி வேணும் சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூர் டவுன டெவலப் பண்ணணும்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, மேம்பாலம் வேணும்ங்கறாங்க, மல்டி லெவல் பார்க்கிங் வேணும்ங்கறாங்க, பெரிய மால் வேணும்ங்கறாங்க, எல்லாம் வரட்டும், நான் வேணாம்னு சொல்லல. எனக்கு கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். சிஎம்சி ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து வேலூர் கோட்டை வாசல் சுமார் ஒரு கிலோமீட்டர். இந்த ஒரு கிலோமீட்டர ஒரு வயசானவரோ, கைக்குழந்தை வெச்சிருக்கற பொம்பளையோ, ஆபரேஷன் முடிஞ்ச பேஷண்ட்டோ ரோட்டுல எறங்காம நடந்து போய்ட முடியுமா?

முடியாது. டெய்லி அந்தப் பக்கமா போறவன்ற முறையில சொல்றேன். நடைபாதைன்னு ஒண்ணு இருக்கும், பத்தடி போனா கால்வாய் மேல போட்ட ஸ்லாப் ஒண்ணு தூக்கிட்டு நிக்கும், அத தாண்டினா பைக்க வரிசையா ஸ்டாண்ட் போட்டு வெச்சிருப்பாங்க, அப்புறம் கடைக்காரர் வெச்ச போர்டு, அப்புறம் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அதுக்கு மேல ஒதுங்க எடமே இல்ல, ரோட்டுல எறங்கித்தான் ஆகணும். எறங்கினா பாகாயத்துக்கு போற ஒண்ணாம் நம்பர் பஸ்ஸு ஹாரன் அடிச்சிக்கிட்டு தோள் மேலயே வருது, அதுக்கு முன்னாடி ஷேர் ஆட்டோ. இதுல ஒரு கையில எக்ஸ்ரே கவரும் இன்னொரு கையில அம்மாவோட கையும் புடிச்சிக்கிட்டு ஒரு பையன் நடந்து போறத பாத்தா நமக்கே பக்குன்னு இருக்குது.

யார் நடக்கறாங்கன்றதையும் பாக்கணும். நம்ம ஊர்க்காரங்க வண்டி எடுத்துடறோம். நடக்கறது வெளியூர் ஜனங்க. டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா 1900ல ஒரே ஒரு கட்டிலோட ஆரம்பிச்ச இந்த சிஎம்சி வைத்தியம், இன்னிக்கு மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், பங்களாதேஷ்னு எங்கெங்கயோ இருந்து ஜனங்கள இங்க கூட்டிக்கிட்டு வருது. காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் போய் பாருங்க, மெடிக்கல் ஷாப்ல இருந்து மீன் சாப்பாடு ஹோட்டல் வரைக்கும் வங்காளியில போர்டு. நம்ம பசங்களும் ஆட்டோ ஓட்டியே இந்தி கத்துக்கிட்டாங்க. இந்த டவுன்ல பாதி வியாபாரம் அவங்க காசுல ஓடுது, இத ஒத்துக்க நமக்கு ஏன் கூச்சம்?

அவங்க எல்லாரும் ஒரு நாள்ல வந்து போறவங்க இல்ல. டெஸ்ட் எடுத்தா ரிசல்ட் வர்ற வரைக்கும், ஆபரேஷன்னா தேதி கெடைக்கற வரைக்கும், தையல் பிரிக்கற வரைக்கும்னு நாள் கணக்கா, சிலர் மாசக்கணக்கா இருக்காங்க. லாட்ஜ் ரூம்ல ஒரு கட்டில், ஒரு ஃபேன், ஓரமா ஒரு ஸ்டவ், ஜன்னல தொறந்தா பக்கத்து பில்டிங் செவுரு. அக்கினி நட்சத்திரத்துல வேலூர் எப்படி இருக்கும்னு உங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, சும்மாவா வெயிலூர்னு பேர் வெச்சாங்க. அந்த ரூம்ல பகல் பூரா ஒருத்தர் எப்படி உக்காந்திருக்க முடியும்? அதனால வெளிய வர்றாங்க, வந்தா உக்கார எடம் இல்ல. மூடின கடை படி, ஏடிஎம் வாசல், மெடிக்கல் ஷாப் திண்ணை, அங்கயும் எழுந்திரு எழுந்திருன்னு வெரட்டறாங்க.

ஆனா ஒரு கிலோமீட்டர்ல 133 ஏக்கர் கோட்டை இருக்குது சார்! பெரிய பெரிய மரம், புல்லு, அகழியில தண்ணி, உள்ள போறதுக்கு டிக்கெட்டு கூட கெடையாது. பதினாறாம் நூற்றாண்டுல விஜயநகரத்துக்கு கீழ இருந்த நாயக்கருங்க கட்டுனது. உள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, சர்ச்சுன்னு மூணும் ஒரே மதிலுக்குள்ள, கோயில் கல்யாண மண்டபத்துல அந்த யாளித் தூண பாத்துட்டு ஒரு வங்காளத்துப் பெரியவர் கைய வெச்சு தடவிக்கிட்டே நின்னத நான் பாத்திருக்கேன், அவரு மனைவி ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகி இருந்தாங்க, அன்னிக்குத்தான் கொஞ்சம் மூச்சு விட்டேன்னு சைகையும் இந்தியுமா சொன்னாரு. அவரு வந்தது ஆட்டோவுல, பேசின காசு வேற ஒண்ணு வாங்கின காசு வேற ஒண்ணு, அது தனிக்கதை.

நம்ம ஊரப் பத்தி ஒரு கிண்டல் உண்டு, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், அதிகாரம் இல்லாத போலீஸ்னு. போலீஸ்னு சொல்றது கோட்டைக்குள்ள இருந்த ட்ரெய்னிங் ஸ்கூல. இதுல சாமி இல்லாத கோயில்ன்றத 1981ல ஜனங்களே மாத்திட்டாங்க, சத்துவாச்சாரியில இருந்த லிங்கத்த கொண்டாந்து ஜலகண்டேஸ்வரர் கோயில்ல பிரதிஷ்டை பண்ணாங்க. அவ்வளவு பெரிய காரியம் பண்ண ஊருக்கு ஒரு நடைபாதை போட வக்கில்லையா?

இங்க ஒரு பதில் ரெடியா வெச்சிருப்பாங்க, தொல்லியல் துறை ரூல் இருக்குது, கோட்டைய சுத்தி ஒண்ணும் பண்ண முடியாதுன்னு. ரூல் உண்மைதான். பாதுகாக்கப்பட்ட சின்னத்துல இருந்து 100 மீட்டருக்குள்ள புதுசா கட்டடம் கூடாது, அதுக்கு அப்பால 200 மீட்டருக்கு பர்மிஷன் வாங்கணும். நல்ல ரூல், அது இல்லேன்னா அகழி ஓரத்துலயே லாட்ஜ் வந்திருக்கும். ஆனா நான் கேக்கறது கட்டடம் இல்ல, வேப்ப மரமும் புங்க மரமும்தான். அந்த ஒரு கிலோமீட்டர்ல பெரும்பகுதி 100 மீட்டருக்கு வெளிய இருக்குது, பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம், ஆஸ்பத்திரி பக்கம் எல்லாம் நம்ம கையில இருக்கற ரோடுதான்.

ஸ்மார்ட் சிட்டி லிஸ்ட்ல வேலூர் 2016லயே வந்துடுச்சு. புது பஸ் ஸ்டாண்ட் 53 கோடி செலவுல கட்டி 2022 ஜூன்ல முதல்வர் தொறந்து வெச்சாரு, நல்லதுதான், பழசுக்கு எவ்வளவோ தேவல. அதே ஜூன்ல தான் நம்ம மெயின் பஜார் பக்கம் நிறுத்தி இருந்த பைக்கோட டயர சேத்து வெச்சு சிமென்ட் ரோடு போட்டு நாடு பூரா நம்ம மானம் போச்சு, அதுக்கப்புறம் சத்துவாச்சாரியில அடி பம்ப்ப விட்டு வெக்காம கால்வாய் கான்கிரீட்டுக்குள்ள பொதைச்சாங்க. சிரிச்சிட்டு விட்டுட்டோம், ஆனா அதுல ஒரு விஷயம் இருக்குது. ரோடு போடறவங்களுக்கு மீட்டர் கணக்கு, கன மீட்டர் கணக்குதான், அந்தத் தெருவுல யாரு நடக்கறாங்க, யாரு தண்ணி புடிக்கறாங்கன்னு பாக்கறது யாரோட வேலையும் இல்ல. நடைபாதையும் அப்படித்தான் போடறாங்க, டைல்ஸ் பளபளன்னு இருக்கும், மழை பேஞ்சா வழுக்கும், நடுவுல கேபிள்காரங்க தோண்டிட்டு மண்ண மட்டும் தள்ளிட்டு போய்டுவாங்க.

தள்ளுவண்டிக்காரங்கள தொரத்திட்டா நடைபாதை வந்துடும்னு சிலர் நெனைக்கறாங்க, எனக்கு அதுல சம்மதமில்ல. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அவங்களுக்கு எடம் குறிச்சு குடுக்கணும், கமிட்டி போட்டு கணக்கெடுக்கணும். ஆஸ்பத்திரி பக்கத்துல ராத்திரி பத்து மணிக்கு இட்லி வித்துக்கிட்டு இருக்கற அம்மா இல்லேன்னா எத்தன பேர் பட்டினி கெடப்பாங்க? நேதாஜி மார்க்கெட்ல இருந்து இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா கூடையில எடுத்தாந்து கூறு கட்டி விக்கறவங்க அடைக்கற எடத்த விட, ஒரு காரு நிக்கற எடம் பெருசு. வண்டி பார்க்கிங்க ஒழுங்கு பண்ணுங்க மொதல்ல.

கூடவே இந்த வழியில, வழிக்கு பக்கத்துல இருக்கற நெனவு சின்னங்களையும் மனுஷன் கிட்ட போய் பாக்கற மாதிரி பண்ணணும். 1806 ஜூலை 10ல சிப்பாய்ங்க எழுந்தது இந்தக் கோட்டையில, தோல் பட்டை வெச்ச புதுத் தொப்பிய போடு, நெத்தியில குறி வெக்காத, தாடிய எடுன்னு உத்தரவு போட்டதுல பத்திக்கிச்சு, 1857க்கு அம்பத்தோரு வருஷம் முன்ன. அதுக்கு மக்கான் சிக்னல்ல ஸ்தூபி இருக்குது. ஜூலை 10 அன்னிக்கு மலர் வளையம் வெக்கறாங்க, மத்த நாள்ல சுத்தி வண்டி ஓடிக்கிட்டே இருக்குது, ஒரு ஸ்கூல் புள்ளைய கூட்டிக்கிட்டு போய் நின்னு படிச்சு காட்ட தைரியம் வராது. லாங் பஜார் மணிக்கூண்டுல முதல் உலகப்போருக்கு போனவங்களப் பத்தி கல்வெட்டு இருக்குது, அங்க கடை வெச்சிருக்கறவங்கள்ல பாதி பேருக்கு கேட்டா தெரியாது. இலங்கையில கண்டியோட கடைசி ராஜா விக்கிரம ராஜசிங்கன் 1832ல இந்த ஊர்லதான் செத்தாரு, அவரு சமாதி பாலாத்தங்கரையில முத்து மண்டபத்துல. இத்தனையும் ஒரு ஊர்ல இருந்தும் நம்ம போர்டு எல்லாம் ஜவுளிக்கடைக்குத்தான்.

தண்ணி விஷயத்தையும் விட்டுடக்கூடாது. 2021 நவம்பர் மழையில அகழி நெரம்பி ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ளயே தண்ணி வந்து நின்னுச்சு, கன்சால்பேட்டை ஜனங்க நிக்கல்சன் கால்வாய் தண்ணியில ஒவ்வொரு மழைக்கும் முழிச்சிக்கிட்டு கெடக்கறாங்க. நடைபாதை போடறேன்னு மண்ணு தெரியாம சிமென்ட் பூசிட்டா இது இன்னும் மோசமாகும், அதனால மரத்த சுத்தி மண்ணு விட்டு, கால்வாய தூர் வாரிட்டு அப்புறம் ஸ்லாப் போடணும்.

மாநகராட்சிய நான் கேக்கறது இதுதான். சிஎம்சி வாசல்ல ஆரம்பிச்சு பழைய பஸ் ஸ்டாண்ட் வழியா கோட்டை வாசல் வரைக்கும் ரோட்டுக்கு ஒரு பக்கமாவது வீல்சேர் போற அகலத்துல தொடர்ச்சியா ஒரு பாதை, நடுவுல வெட்டு கூடாது. நெழலுக்கு மரம். கொஞ்ச தூரத்துக்கு ஒரு பெஞ்சு, முதுகு சாய்ற மாதிரி, சும்மா கல்லு மட்டும் போட்டா பேஷண்ட்டுக்கு ஆகாது. ரெண்டு எடத்துல பூட்டாத கக்கூஸ், பொம்பளைங்களுக்கும் சேத்து, சாவி யார்கிட்ட இருக்குதுன்னு தேட வெக்காதீங்க. குடிதண்ணி. தமிழ், இங்கிலீஷ், இந்தி, வங்காளின்னு நாலு பாஷையில வழிகாட்டி போர்டு, கோட்டை எத்தன மணிக்கு மூடுவாங்கன்றத அதுலயே எழுதிடணும், சாயங்காலம் நடந்து போய் கேட்டு மூடி இருக்கறத பாத்துட்டு திரும்பறவங்க நெறைய பேரு.

எங்க வார்டு கவுன்சிலர் கிட்ட வாயால சொல்லி பாத்தேன், எழுதி குடுங்கன்னாரு, எழுதி குடுத்துட்டேன். நீங்களும் இத பேப்பர்ல போட்டீங்கன்னா அடுத்த மாமன்றக் கூட்டத்துல அவரு கையில ஒரு கட்டிங்காவது இருக்கும்.

இப்படிக்கு,
கொசப்பேட்டை வாசகர்,
வேலூர்.