அந்தப் படத்துக்குக் கீழே ஒரு சொல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தண்ணீர்ச் சிறப்பிதழை முழுவதும் படித்தேன். நல்ல உழைப்பு. ஆனால் முதல் கட்டுரையின் மூன்றாவது பத்தியில் ஒரு வரி இருக்கிறது: ‘தண்ணீருக்குச் சாதி தெரியாது, நம் முன்னோர் அதை எல்லோருக்கும் பொதுவாகவே வைத்திருந்தார்கள்.’ அதைத் தாண்டி என்னால் நிம்மதியாகப் படிக்க முடியவில்லை. இரண்டு நாள் ஆறப்போட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

1968ல் எனக்கு எட்டு வயது. ஊர்க் கிணற்றுக்கு அம்மாவோடு குடம் தூக்கிக்கொண்டு போவேன். கைப்பிடிச் சுவரிலிருந்து பத்தடி தள்ளிக் குடத்தை வைத்துவிட்டு நிற்க வேண்டும். வாளியைத் தொடக் கூடாது, கயிற்றைத் தொடக் கூடாது. தண்ணீர் இறைக்க வரும் யாராவது மனசு வைத்தால் எங்கள் குடத்திலும் ஊற்றுவார்கள். வாளி குடத்தில் பட்டுவிடக் கூடாதே என்று இடுப்புயரத்துக்குத் தூக்கி ஊற்றுவார்கள். பாதி வெளியே சிந்தும். சிந்திய தண்ணீர் மண்ணில் ஓடுவதை அம்மா பார்த்துக்கொண்டே நிற்பார். இன்னொரு வாளி கேட்க வாய் வராது. பல நாள் வெயில் ஏறும்வரை நின்று, அரைக்குடத்தோடு திரும்பியிருக்கிறோம். கிணறுகளிலும் குளங்களிலும் யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. அது நடைமுறைக்கு வந்து அப்போது பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. கிணறு என்ற சொல் ஒரு நாட்டின் அரசியல் சட்டத்துக்குள் ஏன் வர வேண்டியிருந்தது என்று கட்டுரையாளர் யோசித்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். பராந்தகன் காலத்து ஏரி வாரியம், குடவோலை, எல்லாம் சரி. நானும் போய்ப் பார்த்திருக்கிறேன். ஆனால் குடத்தில் போடும் ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் சொந்த மனையில் வீடு, வரி கட்டும் கால் வேலிக்கு மேல் நிலம், வேதப் படிப்பு எல்லாம் வேண்டும் என்று அதே கல்வெட்டு சொல்கிறதே, அது ஏன் கட்டுரையில் இல்லை? ஏரியில் மண் வெட்டிக் கூடையில் சுமந்தவரின் பெயரை அந்த ஓலையில் எழுத வழியே கிடையாது.

மகாராஷ்டிரத்தின் மகாத் ஊரில் நடந்த குளப் போராட்டம் பற்றி ஒரு வார்த்தை இல்லாததைத்தான் என்னால் நம்பவே முடியவில்லை. உங்களுக்குத் தெரியாததா? 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஊர்வலமாகப் போய் அந்தக் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார். குளம் எல்லோருக்கும் உரியது என்று நகராட்சியே 1924ல் தீர்மானம் போட்டிருந்தது. அப்படியும் ஊர்வலம் வந்தவர்களை அடித்தார்கள். சாணமும் கோமியமும் பாலும் தயிரும் நூற்றெட்டுக் குடம் ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். பிறகு அது தனியார் குளம் என்று வழக்குப் போட்டார்கள். பம்பாய் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1937 மார்ச் 17ல். மூன்று நாள் குறையப் பத்து வருடம், ஒரு கை தண்ணீருக்கு! காவிரி வழக்கின் 1892, 1924 ஒப்பந்தங்களிலிருந்து 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் வந்த 177.25 டிஎம்சி வரை ஒன்று விடாமல் அச்சிட்டிருக்கிறீர்கள். அதற்கு நன்றி. இதற்கு ஒரு பெட்டிச் செய்தி போட இடம் கிடைக்கவில்லையா?

ஆன்மிகப் பக்கத்தில் தீர்த்தங்களின் பெருமை வந்திருக்கிறது. திருப்புன்கூரில் குளம் வெட்டியவர் நந்தனார். கோயிலுக்குள் போக முடியாமல் வெளியே நின்று கும்பிட்டவர்தான் அந்தக் குளத்தை வெட்டினார். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீர் எடுக்கட்டும் என்றே முத்திரிக் கிணறு வெட்டினார். ஒரு கிணற்றைப் பொது என்று சொல்வதற்கு ஒரு புது வழியே பிறக்க வேண்டியிருந்திருக்கிறது. இதெல்லாம் பழங்கதை என்றும் தள்ள முடியாது. 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்த செய்தியை நீங்களே வெளியிட்டீர்கள்.

போன வருடம் இதே விஷயமாக ஒரு கடிதம் எழுதினேன். அதை நான்கு வரியாகச் சுருக்கி, ‘சிறப்பான இதழ்’ என்ற பாராட்டை மட்டும் வைத்துக்கொண்டு வெளியிட்டீர்கள். அது இன்னும் மனசில் கிடக்கிறது. இருந்தாலும் திரும்ப எழுதக் காரணம், பதினாறாம் பக்கத்துப் படம்.

கண்மாய் மடைக் கல்லின் மேல் ஒரு பெரியவர் ஈர வேட்டியோடு நிற்கும் பழைய படம். கீழே ‘மடை திறக்கும் கிராமவாசி’ என்று போட்டிருக்கிறீர்கள். ஐயா, அந்த வேலைக்குப் பெயர் உண்டு. நீர்க்கட்டி. என் தாத்தா நீர்க்கட்டியாக இருந்தவர். கண்மாய் நிறைந்து கிடக்கும்போது மூச்சடக்கி உள்ளே முங்கி, அடியில் கையால் தடவி, மடையை அடைத்திருக்கும் குழவியைத் தூக்குவார். மேலே வரும்போது கண் சிவந்திருக்கும். தண்ணீர் குறைந்த வருடம் எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று அவர்தான் முறை வைப்பார். கடைமடைக்காரர் கண்கலங்கி வந்து நின்றால் ராத்திரியோடு ராத்திரியாக மண்வெட்டியோடு போய் வாய்க்காலைத் திருப்பி விடுவார். அவருக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது. அதனாலேயே ஓரவஞ்சனை செய்ய மாட்டார் என்று ஊர் நம்பியது. அறுப்பு முடிந்ததும் வயலுக்கு இத்தனை கட்டுக் கதிர் என்று கூலி. ஊர் வயலுக்கெல்லாம் தண்ணீர் பங்கு வைத்த அந்த மனிதரின் மகள்தான், ஊர்க் கிணற்றுக்குப் பத்தடி தள்ளிக் குடத்தோடு நின்றார்.

இந்தக் கடிதம் முழுதும் வெளியாகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்த இதழில் திருத்தம் போடும் மூலையில் ஒரு வரி போதும்: ‘சென்ற இதழ், பக்கம் 16, படத்தில் இருப்பவர் நீர்க்கட்டி.’

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ராமநாதபுரம் மாவட்டம்