செஞ்சிக்கு முப்பது பேரோடு கிளம்பும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அலுவலகத்தில் முப்பது பேரைச் சேர்த்துக்கொண்டு செஞ்சிக் கோட்டைக்குப் போகிறோம், ஒரே நாளில் அங்கேயிருக்கும் ராஜகிரி, கிருஷ்ணகிரி மலைகள் இரண்டும் ஏறப் போகிறோம் என்று எழுதியிருக்கிறாய். ராஜகிரி மட்டும் போதும். முப்பது பேர் ஏறினால் முதலில் போகிறவருக்கும் கடைசியில் வருகிறவருக்கும் நடுவே முக்கால் மணி நேரமாவது விழும். ஏறும்போதும் இறங்கும்போதும் காத்திருந்தால் இரண்டாவது மலைக்கு நேரமும் இருக்காது, கால்களும் இருக்காது.

சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாகச் சுமார் 160 கிலோமீட்டர். காலை 5 மணிக்கு வேன் நகர்ந்தாக வேண்டும். வழியில் ஓட்டலில் முப்பது பேர் உட்கார்ந்து ஆளாளுக்கு ஒரு தோசை சொன்னால் ஒரு மணி நேரம் அங்கேயே போய்விடும். இட்லிப் பொட்டலம் கட்டிக்கொண்டு வண்டியிலேயே சாப்பிட்டுவிடுங்கள். செஞ்சி பஸ் ஸ்டாண்டு தாண்டித் திருவண்ணாமலை சாலையில் போனால் வலப்பக்கம் கிருஷ்ணகிரி, இடப்பக்கம் ராஜகிரி. டிக்கெட் கவுண்டர் திறக்கும்போது நீங்கள் அங்கே நிற்க வேண்டும். ஒருவரே மொத்தமாக வாங்கட்டும்.

இந்த அவசரம் வெயிலுக்காகத்தான். ராஜகிரி சுமார் 800 அடி உயரக் கருங்கல் மலை. அடிவாரத்தில் மரநிழல் உண்டு. மேலே போகப்போகப் பாறைதான். முன்பகலிலேயே அது கொதிக்கத் தொடங்கிவிடும். பிற்பகலில் போனால் மேலே ஏறவே விடமாட்டார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் தேதி வைத்துக்கொள்.

தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர், மொத்தம் 60 லிட்டர். மலைமேல் கடை கிடையாது என்று நினைத்துக்கொண்டே கட்டு. அதை அவரவர் முதுகுப்பையில் வைத்து ஜிப்பை மூடிவிட வேண்டும். கையில் பிளாஸ்டிக் கவர் தொங்கினால் குரங்குக்கு அது சாப்பாடுதான். பிடுங்கும்போது எதிர்த்து இழுத்தால் கடிக்கும், விட்டுவிடச் சொல். பிஸ்கட்டோ பழமோ யாரும் எடுத்துக் கொடுக்கவும் கூடாது.

படிகள் ஒரே அளவில் இருக்காது. ஒன்று அரையடி இருக்கும், அடுத்தது முழங்காலுக்கு வரும். ஏறும்போது மூச்சுதான் வாங்கும். மூட்டு வலி இறங்கும்போதுதான் தெரியும். உயரமான படியில் பக்கவாட்டில் திரும்பி இறங்கச் சொல். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ வேண்டும்.

முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று கிளம்பும்போதே வைத்துவிடு. கடைசி ஆள் யாரையும் முந்தக் கூடாது. வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில் வரும். அங்கே எல்லோரும் சேர்ந்து தலை எண்ணுங்கள். முடியாதவர்கள் அங்கிருந்தே துணையோடு இறங்கிவிடலாம், அதில் குறையொன்றுமில்லை.

உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து கிடக்கும்: சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன்மேல் ஒரு சிறு பாலம். அந்தக் காலத்தில் மரப்பாலத்தை எடுத்துவிட்டால் மேலே போக வழியே இல்லை. 1690-களில் சிவாஜியின் மகனான மராட்டிய மன்னர் ராஜாராம் உள்ளே இருக்க, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கானின் முகலாயப் படையின் முற்றுகை 1698 வரை ஏன் இழுபட்டது என்பது அந்த இடத்தில் நின்றால் புரிந்துவிடும். பாலத்தில் மட்டும் செல்பிக்காகக் கூட்டம் கூட விடாதே. உச்சியில் ரங்கநாதர் கோயில் இருக்கிறது. அங்கிருந்து கோட்டையின் மூன்று மலைகளையும் இணைத்தோடும் மதில் முழுசாகத் தெரியும்.

இறங்கியதும் வேனுக்கு ஓடிவிடாதீர்கள். கல்யாண மகாலும் நெற்களஞ்சியமும் யானைக்குளமும் அடிவாரத்திலேயே இருக்கின்றன. வெங்கடரமணர் கோயிலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கு. பலர் வெளியிலிருந்தே கோபுரத்தைப் படமெடுத்துவிட்டுப் போகிறார்கள். வேலைப்பாடு வாசலுக்கு உள்ளே, இரு பக்கச் சுவரிலும் இருக்கிறது. ராமாயணக் காட்சிகள், அவதாரங்கள், பாற்கடல் கடைவது என்று கைக்கெட்டும் உயரத்தில். தொடாமல் பார்க்கச் சொல். இங்கிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோன தூண்களைத்தான் புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றிப் பார்க்கிறோம். 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். அதையும் உன் ஆட்களுக்குச் சொல்.

மதியச் சாப்பாட்டைச் செஞ்சி ஊருக்குள் வைத்துக்கொள். முப்பது பேர் என்று முன்னாலேயே சொல்லிவிடு.

இன்னொன்று. தேதி குறிக்கும் முன் காலண்டரைப் பார். பௌர்ணமியாக இருந்தால் மாற்றிவிடு. கிரிவலத்துக்குப் போகிற வண்டிகள் எல்லாம் அதே சாலையில்தான் வரும்.

அன்புடன்,
அண்ணன்