பாலவேதி அலமாரியைப் பூட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய வாசகசாலை நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். நம் வாசகசாலையின் பிள்ளைகள் பிரிவான பாலவேதியின் அலமாரியில் உள்ள புத்தகங்களை இனிமேல் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டுமே கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறீர்கள் என்று லைப்ரேரியன் சேச்சி சொன்னார். பிள்ளைகளுக்காக வாங்கியதைப் பெரியவர்கள் எடுத்துப்போய்த் திருப்பித் தருவதே இல்லை என்பது உங்கள் குறை. சரி, நியாயம்தான். அதற்கு அபராதம் போடுங்கள். அலமாரியை ஏன் பூட்ட வேண்டும்?

நான் ஐம்பதைத் தாண்டியவள். என் அண்ணன் மகளின் கார்டில் எடுத்துப் படித்தது, விக்டோரியா ராணி காலத்து லண்டனில் நடக்கும் ஒரு துப்பறியும் நாவல். துப்பறிபவள் பதினைந்து வயதுப் பெண். அட்டையைப் பார்த்தால் பரீட்சைக்குப் பரிசாகக் கொடுக்கும் புத்தகம் மாதிரி இருக்கிறது. படிக்க உட்கார்ந்தால் அடுப்பில் பால் பொங்குவது தெரியவில்லை.

அந்தக் காலத்து லண்டனில் ஒரு நாளைக்குப் பல தடவை தபால் பட்டுவாடா நடக்கும். காலையில் போட்ட கடிதத்துக்குச் சாயங்காலமே பதில் வந்துவிடும். தபால் முத்திரையில் இருக்கும் நேரத்தை வைத்தே ஒருவன் சொல்வது பொய் என்று அவள் பிடித்துவிடுகிறாள். கைரேகையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் வசதி அங்கே அப்போது வரவில்லை. லண்டன் போலீஸ் அதைத் தொடங்கியது 1901இல். கல்கத்தாவிலோ 1897இலேயே கைரேகைப் பிரிவு வந்துவிட்டது. அந்த முறையை உருவாக்கியதில் அசிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு இந்திய அதிகாரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. இது நாவலில் இல்லை, நானாகத் தேடிப் படித்தது. பதினைந்து வயதில் படித்திருந்தால் கொலைகாரன் யார் என்று தெரிந்ததும் மூடி வைத்திருப்பேன்.

பெரியவர்களுக்கென்று எழுதும் துப்பறியும் கதைகள் பலவற்றில், முடிச்சு தளர்ந்தால் இன்னொரு பிணத்தைப் போட்டு ஒப்பேற்றிவிடுகிறார்கள். இளையோருக்கு எழுதுபவருக்கு ரத்தத்தையும் படுக்கையறையையும் காட்டித் தப்பிக்க வழியில்லை. துப்பையெல்லாம் வாசகர் கண்ணெதிரிலேயே வைத்தாக வேண்டும். அந்தப் பெண்ணிடம் அதிகாரமும் கிடையாது. தனியாகத் தெருவில் நடக்கக்கூடாது, ஆண்கள் கூடும் இடத்துக்குள் நுழையக்கூடாது, அவள் சொன்னால் போலீஸ்காரர் காது கொடுக்க மாட்டார். அந்தக் காலத்துக் கட்டுப்பாடுகள்தான் கதையில் அவள் தாண்ட வேண்டிய முட்டுக்கட்டை. வீட்டில் நாம் சொல்வதையும் யாரும் கேட்பதில்லை என்பதாலோ என்னவோ, எனக்கு அவள் மேல் ஒரு பாசம்.

குறை இல்லாமல் இல்லை. சில இடங்களில் அவள் இன்றைய கல்லூரிப் பெண் மாதிரி பேசுகிறாள். ஒவ்வொரு அத்தியாயமும் கதவு தட்டும் சத்தத்தில் முடிவது அலுப்பு.

படிக்கப் படிக்க இன்னொன்றும் தோன்றியது. இந்த மாதிரிக் கதைக்கு நம் சித்தூரே போதும். பிரிட்டிஷ் காலத்தில் சித்தூர் கொச்சி ராஜ்யம், பாலக்காடு பிரிட்டிஷாரின் மலபார் ஜில்லா. பாலக்காட்டில் நகை திருடியவன் மாட்டுவண்டியில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் வேறு ராஜ்யத்துக்கு வந்துவிடலாம். அங்குள்ள போலீஸ் நினைத்த மாத்திரத்தில் இங்கே வந்து கைது செய்ய முடியாது, சர்க்காருக்குச் சர்க்கார் எழுத வேண்டும். கொச்சிக்குத் தனியாக அஞ்சல் இருந்தது. 1951இல்தான் அது இந்தியத் தபாலோடு சேர்ந்தது. பாலக்காட்டில் இங்கிலீஷ் தேதி, இங்கே கொல்லம் ஆண்டு என்ற மலையாளக் கணக்கு. '1901 ஜனவரி' என்று ஒரு ரசீதும் '1076 மகரம்' என்று ஒரு கடிதமும் கிடைத்தால், இரண்டும் ஒரே வாரத்தில் எழுதியவையா என்று கண்டுபிடிப்பதற்கே ஓர் அத்தியாயம் வேண்டும். சோகநாசினி ஆற்றங்கரையில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போடுவதாக யாராவது எழுத மாட்டார்களா? நம் பாலவேதிப் பிள்ளைகளே எழுதலாம். அதற்கு வேண்டிய ஊர்ப்பழங்கதைகள் எங்களைப் போன்றவர்களிடம்தான் இருக்கின்றன. இரண்டு கூட்டத்தையும் ஒரே அலமாரி முன்னால் நிற்க விடுங்கள்.

'வாயிச்சு வளருக' (வாசித்து வளருங்கள்) என்றார் கேரள நூலக இயக்கத்தின் தந்தை பி.என். பணிக்கர். வளர்ந்த பிறகு வாசிக்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அவர் நினைவு நாளான ஜூன் 19 அன்று வருஷாவருஷம் கூட்டம் போட்டுப் பேசுகிறோமே, அதற்கு முன்னால் இந்த விதியை எடுத்துவிடுங்கள். புதிதாக வந்த புத்தகத்தை முதல் மாதம் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுங்கள், அப்புறம் எங்களுக்கு. நாங்கள் காத்திருக்கிறோம்.

தமிழ்ப் புத்தகங்களும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். பாலவேதியில் தமிழுக்கு ஒரே ஒரு தட்டுதான் இருக்கிறது. கோவையில் புத்தகத் திருவிழா நடக்கும்போது யாராவது ஒருவர் போய் வரலாம். வேலந்தாவளம் எல்லையைத் தாண்டினால் எவ்வளவு தூரம்? நானும் கூட வருகிறேன், பஸ் காசு என்னுடையது.

அந்த லண்டன் பெண்ணின் இரண்டாவது கேஸும் தனிப் புத்தகமாக வந்திருக்கிறதாம். வாங்கினால், பிள்ளைகள் முறை முடிந்ததும் முதல் பெயராக என் பெயரைப் பதிந்து வையுங்கள். என் சொந்தக் கார்டில்.

இப்படிக்கு,
உங்கள் பழைய உறுப்பினர் ஒருத்தி,
சித்தூர் தாலுகா, பாலக்காடு