நான்கரை மணி நேரத்துக்குப் பிறகு என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் 29, உலகப் பக்கவாத நாளையொட்டித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையை வாசித்தேன். முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ரத்தக்கட்டியால் வந்த பக்கவாதமாக இருந்தால் நான்கரை மணி நேரத்துக்குள் அதைக் கரைக்கும் மருந்தைச் செலுத்த வேண்டும் என்று எல்லோருக்கும் புரியும்படி எழுதியிருந்தீர்கள். எங்கள் தெரு மருந்துக் கடைக்காரர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கடை முகப்பில் ஒட்டி வைத்திருக்கிறார். நல்ல காரியம். ஆனால் பிழைத்து வீடு திரும்பியவர் அதற்குப் பின் எப்படிக் குளிக்கிறார், எப்படிச் சாப்பிடுகிறார், மறுபடி வேலைக்குப் போக முடிகிறதா என்பது பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் கேள்விகளோடுதான் என் பிழைப்பு நடக்கிறது. ஆகவே இந்தக் கடிதம்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பகுதிகளில் நோயாளிகளை வீடு தேடிச் சென்று பார்க்கிறேன். போகிற இடமெல்லாம் ‘பிசியோ அம்மா’ என்றுதான் அழைக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. இரண்டு துறைகளும் தோளோடு தோள் நிற்பவை. கை கால்களின் வலுவையும் அசைவையும் மீட்பதில் பிசியோதெரபியின் கவனம் இருக்கிறது. மீண்ட கையைக் கொண்டு, மீளாவிட்டால் மீளாத கையை வைத்துக்கொண்டே, சட்டைப் பொத்தான் போடவும் லுங்கி கட்டவும் காய் நறுக்கவும் வேலைக்குத் திரும்பவும் பழக்குவது எங்கள் பொறுப்பு. நம் நாட்டில் இந்தப் படிப்பு 1950-இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கரின் முயற்சியால் தொடங்கியது. 1952-இல் இத்துறைக்கு உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதை நிறுவிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இத்தனை ஆண்டுப் பழமை இருந்தும் எங்கள் படிப்பும் ஆராய்ச்சியும் நோயாளியின் வீட்டு வாசற்படியை இன்னும் சரியாகத் தாண்டவில்லை என்பதே என் ஆதங்கம்.

சில மாதங்களுக்கு முன் இறுதியாண்டு மாணவி ஒருவரை வியாசர்பாடியில் ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனேன். அந்த வீட்டுக்காரர் துறைமுகத்தில் சுமை தூக்கியவர். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மாணவி கையில் பார்தெல் அளவுகோல் இருந்தது. அன்றாட வேலைகளை நோயாளி எவ்வளவு தூரம் தானே செய்துகொள்கிறார் என்று மதிப்பெண் போடும் தாள் அது. 1965-இல் அமெரிக்காவில் வெளியானது. பத்துத் தலைப்புகள், நூறு மதிப்பெண். அதில் ஒரு கேள்வி, கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாற முடிகிறதா என்பது. மாணவி நிமிர்ந்து பார்த்தார். அந்த அறையில் கட்டிலும் இல்லை, நாற்காலியும் இல்லை. ஒரு பாய், சுவரோரம் அடுக்கிய குடங்கள், மூலையில் கேஸ் அடுப்பு. “என்ன எழுதட்டும் மேடம்?” என்று கேட்டார். அந்த மனிதருக்கு உண்மையான சோதனை தரையிலிருந்து எழுவதுதான். இடது கையை ஊன்றி, நல்ல காலை மடக்கி, மனைவி தோளைப் பற்றி எழுவதற்குள் அவருக்கு வியர்த்துவிடுகிறது. அதற்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

சாப்பாட்டுக் கேள்வியும் அப்படித்தான். வெட்டித் தரவும் வெண்ணெய் தடவித் தரவும் ஆள் தேவையா என்று கேட்கிறது. அவர் இடது கையால் கரண்டி பிடித்துத் தானே சாப்பிட்டுவிடுகிறார்; ஆகவே முழு மதிப்பெண் பத்து. ஆனால் பிள்ளைகள் எதிரில் இடது கையால் சாப்பிடக் கூசி, எல்லோரும் தூங்கிய பிறகே அவர் தட்டைத் தொடுகிறார் என்று அவர் மனைவி சொன்னார். கழுவப் பயன்படுத்தும் கையால் சோற்றைத் தொடுவது அவருக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்பதை நம்மில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ரசம் சாதத்தை விரல் நுனிகளால் பிசைந்து, திரட்டி, கட்டை விரலால் வாய்க்குள் தள்ளும் அந்தச் சின்ன வேலையில் எத்தனை தசைகள் ஒத்துழைக்க வேண்டும்! அதைத் திரும்பப் பழக்குவது எப்படி, எத்தனை வாரம் ஆகும், யாருக்கு முடியும், யாருக்கு முடியாது என்பது ஆராய்ச்சிக்கு உரிய முதல்தரமான கேள்வி. குந்தி உட்காரும் கழிப்பறை, நாலு மாடிப் படி, தண்ணீர் லாரியிலிருந்து குடம் சுமப்பது எல்லாம் இந்த வகையில் சேரும்.

பார்தெலைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. நானும் அதைப் பயன்படுத்துகிறேன். வேலூர் நோயாளியையும் லண்டன் நோயாளியையும் ஒப்பிட்டுப் பேச அது தேவை. அதனோடு சேர்த்து வைக்க, நம் வீடுகளில் நடக்கும் காரியங்களைக் கொண்டு தமிழில் ஓர் அளவுகோல் முறையாக உருவாக்கி, நம்பகத்தன்மையைச் சோதித்து, மாணவர் கையில் கொடுக்க வேண்டும் என்கிறேன். முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுதுகிறார். அவற்றில் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பினாலே போதும்.

நம் மண்ணில் நடக்கும் ஆராய்ச்சி நாம் விரும்பும் பதிலைத்தான் தரும் என்றும் எண்ணிவிடக் கூடாது. பக்கவாத நோயாளியின் குடும்பத்தாருக்கே பயிற்சி கொடுத்து வீட்டில் மறுவாழ்வுச் சிகிச்சை அளித்தால் பலன் கிடைக்குமா என்று இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2017-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இறப்பிலும் சரி, பிறரை நம்பி வாழும் நிலையிலும் சரி, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட வேறுபாடு தெரியவில்லை. ஆள் பற்றாக்குறை உள்ள நாட்டுக்கு மலிவான வழி என்று பலர் நம்பியிருந்த ஏற்பாடு அது. எனக்கும் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆய்வு நடக்காமல் போயிருந்தால், ஏற்கெனவே மூச்சு முட்ட உழைக்கும் மனைவி மீதும் மருமகள் மீதும் எல்லாப் பாரத்தையும் ஏற்றிவிட்டு, திட்டம் வெற்றி என்று நாம் எழுதி வைத்திருப்போம். பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும் என்று இப்போது நெஞ்சை நிமிர்த்திக் கேட்க முடிகிறது.

வட சென்னைக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. 1970-களில் டாக்டர் ஆர். வெங்கடசாமி ஸ்டான்லி மருத்துவமனையில் வளர்த்தெடுத்த கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு, பின்னர் கைக்கான ஆராய்ச்சி மற்றும் மறுவாழ்வு நிலையமாக நாடறியப் பெயர் பெற்றது. லேத் பட்டறையிலும் பவர் பிரஸ்ஸிலும் விரல் இழந்தவர்கள் நிறைந்த வட்டாரத்தில் அப்படியொரு நிலையம் அமைந்தது பொருத்தம். வெட்டுப்பட்ட தசைநாரைத் தைத்துவிட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை. தொடர்ந்து பல வாரங்கள், கையைத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறையான ஸ்பிளின்ட் போட்டு, அளந்து அளந்து விரலை அசைத்தால்தான் அது ஒட்டிப்போகாமல் ஓடும். மே மாத வெயிலில் அந்த பிளாஸ்டிக் உறைக்குள் வியர்த்து ஊறி, அரிப்புத் தாங்காமல் கழற்றி வீசியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைத் திட்டிப் பயனில்லை. நம் வெக்கைக்குத் தாங்கும் ஸ்பிளின்ட் எது, தினக்கூலிக்காரர் எத்தனை வாரம் வேலையை விட முடியும் என்பதெல்லாம் இங்கேயே விடை காண வேண்டியவை.

உலகக் கூட்டமைப்பின் விதிப்படி மாணவர் ஒவ்வொருவரும் குறைந்தது ஆயிரம் மணி நேரம் நேரடிக் களப்பயிற்சி பெற வேண்டும். காட்டாங்குளத்தூரிலும் முட்டுக்காட்டிலும் எங்கள் துறையைப் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தின் பெரும்பகுதி மருத்துவமனைப் பிரிவுகளிலும் சிறப்புக் குழந்தைகள் மையங்களிலும் கழிகிறது. அவையும் தேவைதான். ஆனால் ஆயிரத்தில் நூறு மணி நேரமாவது புளியந்தோப்பு, காசிமேடு, எண்ணூர் வீடுகளில் கழியட்டும். 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவப் பணிகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் நாடு முழுவதற்கும் பொதுவான கல்வித் தரத்துக்கு வழி செய்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் தமிழ்நாட்டுக்கான கவுன்சில் இந்த நூறு மணி நேரத்தைப் பாடத்திட்டத்தில் எழுத்தாகவே சேர்க்க வேண்டும். அதே 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ குழுவில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். மக்கள் வாயார வாழ்த்துகிறார்கள். அவரோடு ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும், பின்னால் இரண்டு மாணவர்களும் வந்தால் நோயாளிக்குச் சிகிச்சையும் ஆராய்ச்சிக்குத் தரவும் ஒரே நடையில் கிடைத்துவிடும்.

பாதுகாப்பு, காப்பீடு, மேற்பார்வைக்கு ஆள் இல்லை என்று கல்லூரிகள் தயங்குவது எனக்குத் தெரியும். மேற்பார்வைக்கு இங்கே ஆட்கள் இருக்கிறோம். எங்களைப் போல வட சென்னையில் வேலை செய்யும் தெரபிஸ்டுகள் சிலர் பேசி வைத்திருக்கிறோம். சம்பளம் எதிர்பார்க்காமல் மாணவர்களை வீடுகளுக்கு அழைத்துச் செல்ல ஆயத்தமாக இருக்கிறோம். வரும் கல்வியாண்டுக்கான களப்பயிற்சி அட்டவணை தயாராகும் முன்பே கல்லூரி முதல்வர்கள் எங்களை அழைத்துப் பேச வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81