மைதானத்தில் ஒலித்த பிரார்த்தனை: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

சென்னை

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்ற வாரக் கால்பந்து ஆட்டத்தில் அடிபட்ட நம் பள்ளியின் கோல்கீப்பர் வீடு திரும்பிவிட்டான். ஸ்கேனில் கவலைப்படும்படி எதுவும் இல்லை. தலையில் பலமாக அடிபட்டிருப்பதால் சில வாரங்களுக்கு ஓடக்கூடாது, கைப்பேசியை அதிகம் பார்க்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஓடாமல் இருந்துவிடுகிறான், கைப்பேசிக்குத்தான் தினமும் சண்டை என்கிறார் அவன் அம்மா. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கும் நிம்மதி வந்தது.

இனி, என்னை இந்தக் கடிதம் எழுத வைத்த விஷயம். அந்த ஆட்டத்தை நம் மாணவர்களே பள்ளியின் யூடியூப் சேனலில் நேரலையாக ஒளிபரப்பினார்கள். வர்ணனை செய்தவன் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். கார்னர் பந்தைப் பிடிக்கத் தாவிய கோல்கீப்பரின் தலை கம்பத்தில் மோதியது. விழுந்தவன் எழவில்லை. வர்ணனையாளன் சற்று நேரம் வாயடைத்துப் போனான். பிறகு மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, வீட்டில் கற்ற முறையில் கடவுளை அழைத்து வேண்டத் தொடங்கினான். “எல்லாரும் எழுந்து நின்று என்னோடு சேர்ந்து சொல்லுங்கள்” என்றான். பாதிக் கூட்டம் சொன்னது. கேமரா, கீழே கிடந்தவன் முகத்தை விட்டு நகரவே இல்லை. அன்று இரவுக்குள் அந்தக் காட்சியை யாரோ வெட்டி, சோக இசையும் சேர்த்து, நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற விட்டிருந்தார்கள்.

வர்ணனை செய்தவன் எந்த மதத்துப் பிள்ளை என்று இங்கே எழுதப் போவதில்லை. எனக்குக் கடிதம் எழுதியவர்களில் சிலருக்கு அதுதான் முதல் கேள்வியாக இருந்தது. எந்த வீட்டுப் பிள்ளை அப்படிச் செய்திருந்தாலும் இந்தக் கடிதம் ஒரு சொல்லும் மாறாமல் இப்படியேதான் இருக்கும்.

கண்கலங்கிவிட்டது, இப்படிப்பட்ட பிள்ளைகளை வளர்க்கும் பள்ளிக்கு நன்றி என்று எழுதியவர்கள் உண்டு. பள்ளி மைக் யாருடைய வழிபாட்டு மேடை என்று கேட்டவர்களும் உண்டு. ஒரு தந்தை, “அமெரிக்காவிலேயே டி.வி.யில் நேரலையாகப் பிரார்த்தனை செய்கிறார்கள், நாம் எதற்குக் கூச்சப்பட வேண்டும்?” என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. அவர் சொல்லும் நிகழ்ச்சியை நானும் அறிவேன். அதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நமக்கு உதவும்.

2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டி நகரில் நடந்த அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) போட்டியில், பஃபலோ பில்ஸ் அணியின் டமார் ஹாம்லின் எதிரணி வீரரைத் தடுத்து வீழ்த்தினார். எழுந்து நின்றார். அடுத்த நொடி மல்லாந்து சாய்ந்தார். இதயம் நின்றுபோயிருந்தது. இதயத் துடிப்பின் சுழற்சியில் மிக நுண்ணிய ஒரு தருணத்தில் மார்பில் அடி விழுந்தால், நோயே இல்லாத இதயமும் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடலாம். தனக்கு நேர்ந்தது அதுதான் என்று அவரே பின்னர் சொன்னார். வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் அணியின் உதவிப் பணியாளர் டென்னி கெல்லிங்டன் உடனே மார்பை அழுத்தத் தொடங்கினார். இதயம் புல்தரையிலேயே மீண்டும் துடித்தது. சக வீரர்கள் சுற்றி நின்றும் மண்டியிட்டும் அழுதார்கள். ஆம்புலன்ஸில் தாய் உடன் சென்றார்.

அந்தத் தந்தை குறிப்பிட்ட பிரார்த்தனை மறுநாள் நடந்தது. ஈ.எஸ்.பி.என். விளையாட்டுத் தொலைக்காட்சியில் முன்னாள் வீரர் டான் ஒர்லாவ்ஸ்கி பேசிக்கொண்டிருந்தார். இது சரியோ தவறோ தெரியவில்லை, ஆனாலும் ஹாம்லினுக்காக இப்போது வாய்விட்டு வேண்டிக்கொள்ளப் போகிறேன் என்ற பொருளில் சொல்லிவிட்டு, கண்களை மூடித் தலை குனிந்து வேண்டினார். உடனிருந்த இருவரும் தலை குனிந்தார்கள். அமெரிக்காவிலும் இதைப் பாராட்டியவர்கள் உண்டு, முகம் சுளித்தவர்களும் உண்டு.

என்னைக் கேட்டால், அவர் செய்ததில் குற்றம் காண மாட்டேன். அதற்கான காரணங்கள்தான் நமக்கு முக்கியம். அவர் வேண்டியபோது ஹாம்லின் மருத்துவமனையில் இருந்தார். செய்ய வேண்டியவர்கள் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருந்தார்கள். தொலைக்காட்சியில் உட்கார்ந்திருந்த மனிதருக்குச் செய்வதற்கு வேறொன்றும் இல்லை. வீட்டாருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஹாம்லினைப் பிரார்த்தனைகளில் நினைத்துக்கொள்ளுங்கள் என்று அந்தக் குடும்பமே கேட்டுக்கொண்டது. எல்லாவற்றுக்கும் மேலாக அவர் “நான்” என்றார். பார்ப்பவர் யாரையும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை. பிடிக்காதவர் சேனலை மாற்றிக்கொள்ளலாம்.

நம் மைதானத்தில் நடந்ததை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிள்ளை இன்னும் தரையில் கிடக்கிறான். எழுந்து நிற்கச் சொன்னதும் எழுந்த மாணவர்கள் அப்படியே கயிற்றைத் தாண்டி முன்னே வந்துவிட்டார்கள். ஸ்ட்ரெச்சருக்கு வழி விடுங்கள் என்று இரண்டு ஆசிரியைகள் கத்த வேண்டியிருந்தது. ஆறாம் வகுப்புக் குழந்தையால் சேனலை மாற்ற முடியாது. பெரிய அண்ணன் மைக்கில் சொல்கிறான், சுற்றிலும் எல்லோரும் எழுகிறார்கள், தான் மட்டும் எப்படி உட்கார்ந்திருப்பது? ஒரு குழந்தை மறுநாள் தன் வகுப்பாசிரியையிடம், “நான் சொல்லவில்லை மிஸ், அதனால்தான் அண்ணன் எழுந்திருக்க லேட் ஆயிற்றா?” என்று கேட்டிருக்கிறது. இரண்டு நாட்களாக என் மனத்தில் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

கோல்கீப்பரின் தாய் அம்பத்தூரில் வேலை பார்க்கிறார். இடைவேளையில் மகன் ஆடுவதைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். “விழுந்ததைப் பார்த்தபோதுகூட எழுந்துவிடுவான் என்றுதான் மேடம் நினைத்தேன். அந்தப் பிரார்த்தனைக் குரலைக் கேட்டதும் எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்துவிட்டேன்” என்றார். நம் ஊரில் ஒலிபெருக்கியில் ஒருவர் பெயரைச் சொல்லி வேண்டினால் கேட்பவர் மனம் நேராக எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். வேண்டியவன் மனத்தில் இருந்தது நம்பிக்கை. அம்பத்தூருக்குப் போய்ச் சேர்ந்தது சாவுச் செய்தி.

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று விழுந்தபோது, சக வீரர்கள் அவரைச் சுற்றி வளையமாக நின்று கேமராக்களிடமிருந்து மறைத்தார்கள். எதிரணியான பின்லாந்தின் ரசிகர்கள் தங்கள் கொடிகளைக் கொடுத்தார்கள், அவையும் திரையாயின. ஆனாலும் சிகிச்சைக் காட்சிகள் ஒளிபரப்பாகிவிட்டன, அதற்காக பி.பி.சி. மன்னிப்புக் கேட்டது. ஆட்டம் நின்றிருந்த அந்த நேரத்தில், பின்லாந்து ரசிகர்கள் “கிறிஸ்டியன்” என்று முழங்க, டென்மார்க் ரசிகர்கள் “எரிக்சன்” என்று பதில் முழங்கினார்கள். அதையும் ஒருவகை வேண்டுதல் என்றே சொல்வேன். எந்தக் கடவுளை நம்புகிறவரும், எதையும் நம்பாதவரும் வாய்விட்டுச் சொல்லக்கூடிய வேண்டுதல்.

இதை வைத்து, தலைமையாசிரியைக்குப் பக்தி பிடிக்காது என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம். சென்னையில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பிரார்த்தனையைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. காய்ச்சல் கண்ட கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாலைத் தொழுகை முடியும் நேரத்தில் மசூதி வாசலில் நிற்கும் தாய்மார்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். தொழுதுவிட்டு வருகிறவர் நின்று, ஓதி, குழந்தையின் நெற்றியில் மெல்ல ஊதிவிட்டுப் போவார். அந்தத் தாயின் நெற்றியில் குங்குமம் இருக்கும். பெசன்ட் நகர் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களில் எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. 1984-இல் எம்.ஜி.ஆர். நோயுற்றுக் கிடந்தபோது தமிழ்நாடு எப்படி வேண்டிக்கொண்டது என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், ஒரு மாலை முழுக்கச் சொல்வார்கள். இங்கே எல்லாமே கேட்டு வாங்கிக்கொள்ளும் வேண்டுதல். அந்தத் தாய் தானாக நடந்து போய் வாசலில் நிற்கிறாள்.

பள்ளிக்கூடத்தில் நிலைமை வேறு. அரசு அங்கீகாரம் பெற்ற எந்தக் கல்வி நிறுவனத்திலும் ஒருவரை அவரது சம்மதமின்றி, சிறுவராயின் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதமின்றி, வழிபாட்டில் பங்கேற்கச் செய்யக்கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு சொல்கிறது. கேரளத்தில் நாட்டுப்பண் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்று, தங்கள் மத நம்பிக்கை காரணமாகப் பாடாமல் இருந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. நாட்டுப்பண்ணுக்கே இந்த நிலை என்றால், பதற்றத்தில் ஒரு மாணவன் தொடங்கிய வழிபாட்டுக்கு முந்நூறு பிள்ளைகளை எழுப்பி நிறுத்த நாம் யார்?

மருத்துவரான ஒரு பெற்றோர், “பிரார்த்தனை யாரையும் பிழைக்க வைக்காது, அதையாவது எழுதுங்கள்” என்று கேட்டிருந்தார். மன்னிக்கவும் டாக்டர், எழுத மாட்டேன். அன்று கோல்கீப்பரின் கழுத்து அசையாமல் இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்தபடி மண்ணில் மண்டியிட்டிருந்த நம் உடற்கல்வி ஆசிரியரை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வியர்வை மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. உதடுகள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தன. 108 ஊழியர்கள் கழுத்துப்பட்டை மாட்டி முடிக்கும்வரை கை ஓர் அங்குலம் நகரவில்லை. என்ன முணுமுணுத்தார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

வர்ணனை செய்த மாணவனுக்கு எந்தத் தண்டனையும் கிடையாது. “வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை மேடம்” என்றான். தெரியாதுதான், யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. அடிபட்டவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். அடுத்த ஆட்டத்துக்கும் அவன்தான் வர்ணனை. அவனைப் பற்றிக் குழுக்களில் எழுதுவதை இத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த வீடியோ உங்கள் கைப்பேசியில் இருந்தால் அழித்துவிடுங்கள். பள்ளிச் சேனலிலிருந்து நாங்கள் எடுத்துவிட்டோம்.

இனி மைதானத்தில் ஒரு பிள்ளை விழுந்தால், கேமரா உடனே பள்ளியின் பெயர்ப்பலகைப் பக்கம் திரும்பும். “ஆட்டம் நிறுத்தப்பட்டிருக்கிறது, முதலுதவி நடக்கிறது” என்று வர்ணனையாளர் சொல்லிவிட்டு மைக்கை அணைத்துவிடுவார். பார்வையாளர் மாணவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பார்கள். பெற்றோரின் எண்கள் அடங்கிய பட்டியலுடன் ஓர் ஆசிரியர் மைதானத்திலேயே இருப்பார். முதல் அழைப்பு வீட்டுக்குப் போகும். வேண்டிக்கொள்ள விரும்பும் பிள்ளை தாராளமாக வேண்டிக்கொள்ளலாம், பக்கத்தில் இருக்கும் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டும் வேண்டிக்கொள்ளலாம். மைக்கில் கூடாது, ஆசிரியர்கள் முன்நின்று நடத்தவும் கூடாது.

பிரார்த்தனைக்குப் பதிலாக ஒரு நிமிட மௌனம் கடைப்பிடிக்கலாமே என்று சிலர் யோசனை சொன்னீர்கள். வேண்டாம். நம் பிள்ளைகள் காலைக் கூட்டத்தில் மௌனமாக நின்றதெல்லாம் அஞ்சலிக்காகத்தான். உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு அது எதற்கு? அடிபட்டவர் நிலையை மறுநாள் காலைக் கூட்டத்தில் நானே அறிவிப்பேன். வகுப்புத் தோழர்கள் கடிதம் எழுத விரும்பினால் காகிதம் தருவோம். நம் கோல்கீப்பருக்கு இதுவரை வந்த கடிதங்களில் பாதி, “அந்த கோலைப் பிடித்திருக்கலாம்டா” என்றுதான் இருக்கின்றனவாம்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளி அரங்கில் சி.பி.ஆர். பயிற்சி, அதாவது இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் முதலுதவிப் பயிற்சி நடக்கும். மேலே குறிப்பிட்ட டாக்டரையே கேட்டேன், ஒப்புக்கொண்டார். நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் அழுத்த வேண்டும். இரண்டு நிமிடங்களில் கை ஓய்ந்துவிடும். அதனால்தான் நிறையப் பேர் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர்கள் கட்டாயம் வர வேண்டும். பெற்றோர், தாத்தா பாட்டி யார் வேண்டுமானாலும் வரலாம். தரையில் முழங்காலிட வேண்டியிருக்கும், அதற்கேற்ற உடையில் வாருங்கள். பயிற்சி பொம்மை இரண்டுதான் கிடைத்திருக்கிறது, ஆகவே வரிசையில் காத்திருக்க நேரிடும். வருகிறவர்கள் வியாழனுக்குள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை